நரம்பு யாருக்கு, தோல் யாருக்கு?

தோல் சேரிக்கு, நரம்பு அக்கிரகாரத்துக்கு என்று வாத்தியங்களைப் பங்கு பிரித்தது யார் என்று எந்த இசை வரலாற்றுப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஆனால் பங்கு பிரித்தாகிவிட்டது. பறை, தமுக்கு, உறுமி எல்லாம் இந்தப் பக்கம். வீணை, தம்புரா, பிடில் எல்லாம் அந்தப் பக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பக்கத்து மேடையில் உட்கார்ந்திருக்கும் மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டிக் கொடுப்பவர்கள் நம் ஆட்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்துவந்த தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ஒரு புத்தகம் எழுதினார். 2020 தொடக்கத்தில் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்கை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்டுத்தோல் மேடையில் இருக்கலாம். அதைப் பற்றிய பேச்சு மேடையில் இருக்கக் கூடாது.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். யாழ் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியிருக்கிறேன். சீறியாழ், பேரியாழ், பத்தர், கோடு, நரம்பு. அதை வைத்திருந்தவன் பாணன். அந்தப் பாணன் யார், எங்கே போனான் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் பாணனையும் பறையனையும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப் போலச் சேர்த்தே நிறுத்துகிறார். நரம்பும் தோலும் ஒரே தெருவில் இருந்திருக்கின்றன. பிற்காலத்தில் திருப்பாணாழ்வார் கதையைப் பாருங்கள். கையில் இருந்தது நரம்பு வாத்தியம்தான். ஆனாலும் அரங்கத்துக்குள் போகாமல் காவிரிக் கரையில் நின்று பாடினார், கல்லடி பட்டார் என்று வைணவர்களே சொல்கிறார்கள். ஆக நரம்பைத் தொட்டதால் யாரும் உயர்ந்துவிடவில்லை. தொட்டவன் ஊருக்கு வெளியே நின்றான். பிறகு வாத்தியம் மட்டும் உள்ளே போயிற்று.

இதை இப்போது கிளற வேண்டி வந்தது, எங்கள் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிற ஒரு அண்ணனால். அவரிடம் வருவதற்கு முன்பு ஒரு வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

பெடல் ஸ்டீல் கிட்டார் என்று பெயர். கிட்டார் என்றதும் தோளில் மாட்டிக்கொள்வதை நினைக்காதீர்கள். நாலு கால் போட்ட நீளமான மேசை மாதிரி இருக்கும். மேலே பத்துக் கம்பி ஒரு வரிசை, சிலதில் இரண்டு வரிசை. வாசிக்கிறவர் முன்னால் உட்கார வேண்டும். விரலால் கம்பியைக் கட்டையில் அமுக்குகிற வேலையே கிடையாது. இடது கையில் உருண்டையான இரும்புத் துண்டு ஒன்று, அதைக் கம்பியின் மேல் வைத்து வழுக்கிக்கொண்டு போவார்கள். வலது கையில் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நகம் மாட்டி மீட்டுவார்கள். கீழே காலுக்கு மிதிகள், முழங்காலால் தள்ளுகிற நெம்புகோல்கள். ஒரு மிதியை மிதித்தால் ஒன்றோ இரண்டோ கம்பிகள் மட்டும் இழுபட்டுச் சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். மற்ற கம்பிகள் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் நடுவில் நகர்ந்துபோகிற அந்தச் சத்தம் தேம்புவது போல இருக்கும். கை, பாதம், முழங்கால் எல்லாவற்றுக்கும் வேலை உண்டு. தறியில் உட்கார்ந்தவனைப் போலத்தான்.

மிதியை எப்படி மிதிக்க வேண்டும் என்பதற்கும் முறை இருந்தது. ஒரு சுரக்கூட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வைத்துக்கொண்டு, பிறகு மீட்ட வேண்டும். பட் ஐசக்ஸ் என்பவர் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்தார். வெப் பியர்ஸ் பாடிய ஒரு பாட்டில், 1954இல் அது அமெரிக்கா முழுக்க ஓடியது. மற்ற ஸ்டீல் வித்துவான்கள் அடித்துப் பிடித்துத் தங்கள் வாத்தியத்துக்கும் மிதி வைக்க ஓடினார்கள். முறைகேடாக மிதித்தது பத்து வருடத்தில் முறையாகிவிட்டது. இன்றைக்கு அந்த மிதியை அப்படி மிதிக்காதவனைத்தான் வாசிக்கத் தெரியாதவன் என்பார்கள். ‘முறை’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இந்த இரும்பு வழுக்குகிற வாசிப்பு வந்த இடம் ஹவாய்த் தீவுகள். அங்கே ஜோசப் கெக்கூகூ என்ற பள்ளி மாணவர் 1889 வாக்கில் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். சீப்பு, கத்தி முதுகு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கம்பியில் தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பள்ளிக்கூடத்துப் பட்டறையிலேயே ஒரு இரும்பைக் கடைந்துகொண்டாராம். கரும்புத் தோட்ட முதலாளிகள் சேர்ந்து ஹவாய் ராணியின் ஆட்சியைக் கவிழ்த்தது 1893. அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது 1898. நாட்டைப் பறிகொடுத்தவர்களின் வாத்தியம் 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் பெரிய மோகமாகிவிட்டது.

கெக்கூகூவுக்கும் முன்னால் இன்னொரு பெயரும் அடிபடுகிறது. கேப்ரியல் டேவியன். 1880களில் ஹொனலூலுவில் கிட்டாரை இப்படி வழுக்கி வாசித்தவன் என்று சொல்கிறார்கள். அவன் இந்தியாவில் பிறந்தவன், ஒரு கப்பல் தலைவன் சிறு வயதில் கடத்திக்கொண்டு போனான் என்பது கதை. எந்த ஊர், என்ன சாதி, தாய் வைத்த பெயர் என்ன, ஒன்றும் கிடையாது. மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிய காலம் அது. அவன் நம் ஆள் என்று நான் உரிமை கொண்டாட வரவில்லை. கடத்தப்பட்ட பையனை யாரும் உரிமை கொண்டாட வரவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்தியாவுக்குள் இந்தக் கிட்டார் நன்றாகவே நுழைந்தது. டாவ் மோ என்ற வித்துவான் 1940களில் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்தார். வங்காளத்தில் வீட்டுக்கு வீடு ஹவாய்க் கிட்டார் பரவியது, நஸ்ருல் இஸ்லாமின் மகன்கூட வாசித்தார். பிரிஜ் பூஷண் கப்ரா அதில் ராகம் வாசித்தார், 1967இல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் சந்தூர், புல்லாங்குழலோடு அவர் கிட்டாரும் இருக்கிறது. விஸ்வமோகன் பட் கிட்டாரில் கூடுதல் கம்பிகளைக் கட்டி மோகன வீணை என்று பெயர் வைத்தார், 1994இல் கிராமி வாங்கினார். நம் ஊரிலேயே கோட்டுவாத்தியம் இருக்கிறது. மெட்டு இல்லாத வீணையில் ஒரு கட்டையை வழுக்கி வாசிப்பது. இப்போது சித்திர வீணை என்கிறார்கள். எல்லாம் பெரிய வித்தைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. கிட்டாரைப் படுக்கப்போட்டதை யாரும் முறைகேடு என்று சொல்லவில்லை, ராகம் வந்ததல்லவா. ராகம் வாசித்தால் பரதேசி வாத்தியத்துக்கும் பூணூல் போட்டுவிடுவார்கள்.

நான் சொல்ல வருவது வேறு ஆட்களை. அமெரிக்காவில் கறுப்பர்களின் பெந்தெகொஸ்தே சபை ஒன்று, ‘ஹவுஸ் ஆஃப் காட்’. 1903இல் மேரி லீனா லூயிஸ் டேட் என்ற கறுப்பினப் பெண் தொடங்கியது. 1930இல் அவர் இறந்த பிறகு சபை மூன்றாகப் பிரிந்தது. 1930களில் அந்தச் சபையைச் சேர்ந்த ட்ரோமன் ஈசன், பிலடெல்பியாவில் ஒரு ஹவாய்க்காரரிடம் ஸ்டீல் கிட்டார் கற்றுக்கொண்டு வந்தார். அவருடைய தம்பி வில்லி ஈசன் (1921–2005) அண்ணனைப் போல வாசிக்கவில்லை. ஹவாய்ப் பாணியில் இனிமையாக மூன்று நாலு கம்பியைச் சேர்த்து மீட்டுவதை விட்டுவிட்டார். ஒரே கம்பியில் இரும்பை இழுத்து இழுத்து, பாட்டின் வார்த்தையைக் கிட்டார் சொல்கிற மாதிரி வாசித்தார். பாதி வரியை அவர் பாடுவார், மீதியைக் கிட்டார் முடிக்கும். சபையார் கிட்டார் பேசுகிறது என்றார்கள்.

பேசுகிறது. தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று உறைக்க வேண்டும். பறை என்றால் சொல். பறைதல் என்றால் பேசுதல். மலையாளத்தில் இன்றைக்கும் அதுதான் வழக்கு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் பறையையும் வைத்தது. பேசுகிற தோலை நாம் வைத்திருந்தோம், பேசுகிற கம்பியை அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள்.

பெடல் ஸ்டீல் வெள்ளைக்காரர்களின் கன்ட்ரி பாட்டுக்கு அடையாளமாகிவிட்ட காலத்திலும் இந்தச் சபைக்காரர்கள் தங்கள் போக்கிலேயே போனார்கள். 1970களில் சக் கேம்ப்பெல் போன்றவர்கள் மிதி வைத்த கிட்டாரைச் சபைக்குள் கொண்டுவந்தபோது, நாஷ்வில்லில் கட்டுகிற சுருதிப்படி கம்பி கட்டவில்லை, தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். சத்தத்தை வேண்டுமென்றே கரகரக்க விட்டார்கள். ரயில் ஓடுகிற மாதிரி வாசித்தார்கள், அழுகிற பெண்ணின் குரலை இழுத்தார்கள். சபையில் ஆவி இறங்கி ஆடுகிறவர்கள் ஆடி முடிக்கும்வரை ஒரே சுரக்கூட்டை அரைமணி நேரம்கூட விடாமல் ஓட்டினார்கள். பெரிய கன்ட்ரி வித்துவான்களுக்கு இப்படி ஒரு உலகம் இருப்பதே தெரியாது. வெளி உலகம் கவனித்தது 1990களில்தான், ராபர்ட் ஸ்டோன் என்பவர் தேடிப்போய்ப் பதிவு செய்த பிறகு. 1997இல் இசைத்தட்டு வந்தது. அறுபது வருடம் ஒரு வாத்தியத்தை அடியோடு மாற்றி வைத்திருந்தவர்களை ‘கண்டுபிடித்தார்கள்’. இதே வாத்தியத்தில் விதிகளை உடைத்து வாசித்த சூசன் ஆல்கார்னை (2025 ஜனவரியில் காலமானார்) நான் மதிக்கிறேன். ஆனால் அவர் செய்தது சோதனை முயற்சி, சபைக்காரர்கள் செய்தது பக்திப் பரவசம் என்று எழுதுகிறார்களே, அந்தப் பாகுபாட்டை மதிக்க முடியவில்லை. ஒருத்தர் விதியை உடைத்தால் சோதனை, இன்னொருத்தர் உடைத்தால் விதி தெரியாதவர்.

இனி மூக்கண்டப்பள்ளி.

ஓசூரில் சிப்காட் வந்தது எழுபதுகளில். அதற்கு முன்பு இது ராகிக் கொல்லையும் ஏரியுமாக இருந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தனி ஊராட்சியாக இருந்து பிறகு ஓசூரோடு சேர்த்தார்கள், 2019இலிருந்து மாநகராட்சி. ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம். இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்துவிட்டன. எங்கப்பா ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்து வார்ப்பாலையில் மண் அள்ளினார். ஊரை விட்டு வந்தால் சாதியையும் விட்டு வந்துவிடலாம் என்று நம்பி வந்தவர்களில் ஒருத்தர். சம்பளச் சீட்டில் சாதி இல்லைதான். லைன் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால், அட்வான்ஸ் எவ்வளவு என்று நாம் கேட்கும் முன்னே ‘நீங்க எந்த ஊரு, இன்னா ஆளுங்க’ என்று அவர்கள் கேட்பார்கள்.

அந்த அண்ணன் பர்கூர்ப் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம் என்றார், அதனால் எழுதவில்லை. அவருடைய அப்பா பறை அடித்தவர். வேப்பங்கட்டைச் சட்டத்தைத் தானே செதுக்கி, புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் தோல் ஒட்டுவாராம். ஊரில் சாவு விழுந்தால் இவருக்கு ஆள் வரும். அடிக்க வேண்டும், கேதம் சொல்லப் பக்கத்து ஊர்களுக்கு நடக்க வேண்டும். கூலி, அறுப்பு முடிந்து களத்தில் அள்ளிப் போடுகிற தானியம். ஒருமுறை காய்ச்சலில் படுத்து, சாவுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து இழுத்துக்கொண்டுபோய், பிணத்தின் முன்னாலேயே அடித்திருக்கிறார்கள். அண்ணனுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடமே குடும்பத்தோடு ஓசூர் வந்துவிட்டார்கள். பறையை ஊரிலேயே விட்டுவிட்டார்கள்.

மூக்கண்டப்பள்ளியில் தகரக் கூரை போட்ட சின்னச் சபை ஒன்றில் அண்ணன் கிட்டார் பழகினார். தோளில் மாட்டி வாசிக்கிற சாதாரணக் கிட்டார்தான். ஐ.டி.ஐ.யில் இடம் கிடைக்கவில்லை. ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் பவர் பிரஸ் ஓட்டினார். பிரஸ்ஸில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால்தான் அச்சு இறங்கும்படி அமைத்திருப்பார்கள், கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக. எண்ணிக்கை குறைகிறது என்று அதைத் துண்டித்துவிட்டுக் கால் மிதியில் ஓட்டச் சொன்னார்கள். 2011இல் ஒரு இரவு ஷிப்டில் இடது கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். இ.எஸ்.ஐ. பதிவு விபத்துக்குப் பிறகுதான் நடந்தது. அதற்காக இரண்டு வருடம் அலைந்தோம். அப்போதிருந்த சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையில் மூன்று விரல் போனால் உழைக்கும் திறனில் நூற்றுக்கு 30 போனதாகக் கணக்கு. கிட்டார்க்காரனின் இடது கைக்குத் தனிக் கணக்கு கிடையாது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஒரு தொழில் நகரம், நம் ஓசூர் மாதிரிதான் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தகடு வெட்டுகிற ஆலையில் வேலை பார்த்த பதினேழு வயதுப் பையன் டோனி அயோமி, வேலையை விடப்போகிற கடைசி நாளில் எந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டான். வலி தாங்காமல் கம்பிகளைத் தளர்த்தினான். அந்தத் தளர்ந்த கம்பியின் கனத்த சத்தத்திலிருந்துதான் ‘பிளாக் சப்பாத்’ குழுவும் ஹெவி மெட்டல் என்று இன்று சொல்கிற இசையும் வந்தன. நாடோடி ரோமா இனத்தில் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் மடங்கிப்போன பிறகும் ஜாஸ் கிட்டாரில் தனிப் பாணி உண்டாக்கினார். அண்ணனுக்கு இதையெல்லாம் நான் சொன்னேன். அவர் சிரித்தார். “அவங்களுக்கு விரலு நுனிதானே போச்சு தங்கச்சி. எனக்கு அடியோட இல்ல போச்சு.”

அடியோடு போனவருக்கு வழி, விரலே வேண்டாத வாசிப்புதான். போனில் ஹவாய்க் கிட்டாரைப் பார்த்தார். கிட்டாரை ஸ்டூலின் மேல் படுக்கப்போட்டார். தலைப்பக்கம் கம்பிகளுக்கு அடியில் ஒரு ஆக்ஸா பிளேடுத் துண்டைச் செருகிக் கம்பிகளை உயரத் தூக்கிவிட்டார், இரும்பு கட்டையில் இடிக்காமல் போக. வழுக்குவதற்கு என்ன செய்வது? காயலான் கடையில் டெம்போ எஞ்சினின் பிஸ்டன் பின் கிடைத்தது. விரல் நீளம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், கண்ணாடி மாதிரி வழவழப்பு, நடுவில் துளை. பிடித்துக்கொள்ள விரல் இல்லையே! செருப்புத் தைக்கிற மாமா ஒருத்தர் அந்தத் துளைக்குள் தோல் வார் விட்டு, உள்ளங்கையோடு சேர்த்து இறுக்கிக்கொள்கிற மாதிரி தைத்துக் கொடுத்தார்.

வழுக்கி வாசிக்கிறவர்கள் இரும்புக்குப் பின்னால் மீதி விரல்களைக் கம்பியின் மேல் லேசாகப் படரவிடுவார்கள். இல்லாவிட்டால் இரும்புக்குப் பின்பக்கத்துக் கம்பியும் அதிர்ந்து ஒரு ஊளைச் சத்தம் வரும். அண்ணனுக்குப் படரவிட விரல் கிடையாது. முதலில் காட்டன் வேஸ்ட்டை நூலால் சுற்றி இரும்புக்குப் பின்னால் கட்டினார். சத்தம் அடங்கியது. நாலு நாள் வாசித்துவிட்டு அதைப் பிய்த்து எறிந்துவிட்டார். அந்த ஊளை இருக்கட்டும் என்றார். இன்றைக்கு வேண்டும்போது சுண்டுவிரலைச் சாய்த்து அதை அடக்குகிறார், வேண்டும்போது திறந்துவிடுகிறார். ஒப்பாரியில் அக்காமார்கள் ஒரு வரி முடிந்ததும் மூச்சை உள்ளிழுத்து ஒரு சத்தம் போடுவார்களே, சரியாக அது.

மிதி பிறகு வந்தது. போனில் பெடல் ஸ்டீலைப் பார்த்துவிட்டார். விலையைக் கேட்டால் நம் வருடச் சம்பளம் போதாது. மொபெட்டின் கிளட்ச் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையை இரண்டாம் கம்பியின் வால்பக்கத்தில் சின்ன நெம்புகோலில் மாட்டி, மறுமுனையை ஸ்டூலுக்குக் கீழே ஒரு மிதியில் கட்டினார். திரும்பி வருவதற்கு ஸ்பிரிங். எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு ஸ்டாப்பர் போல்ட், அதைத் திருகித் திருகி ஒரு முழுச் சுரம் ஏறுகிற இடத்தில் பூட்டினார். லேத்தில் வேலை செய்கிற பையன்கள் இரவு ஷிப்டில் கடைந்து கொடுத்த சாமான்கள். முதல் நாள் மிதித்தபோது கம்பி அறுந்து முகத்தில் அடித்தது. “அதுவும் மிதிதான், இதுவும் மிதிதான்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

வலது கைதான் எனக்கு ஆச்சரியம். அவர் நகம் மாட்டுவதில்லை. பறைக்கு இரண்டு குச்சி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். கீழ்க்கையில் கனத்த அடிக்குச்சி, மேல்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. அண்ணன் மூங்கிலைச் சீவி சிண்டுக்குச்சி மாதிரி செய்து, அதால் கம்பியைத் தட்டுகிறார். குச்சி துள்ளும். ஒரே தட்டில் நாலு துள்ளல் எடுப்பார், அந்தத் துள்ளல் ஓய்வதற்குள் இடது கை இரும்பை மேலே ஏற்றிவிடும், கால் மிதிக்கும். பறை அடிக்க அவர் கற்றுக்கொண்டதே இல்லை. ஒன்பது வயதுவரை பார்த்ததுதான்.

சபையில் முதல் எதிர்ப்பு வந்தது. ஆராதனையில் குச்சியை எடுத்ததும் போதகர் நிறுத்தச் சொன்னார். கர்த்தருடைய சமுகத்தில் சாவு மேளம் வேண்டாம் என்றார். அவரும் நம் ஆள்தான். அதனால்தான் அவருக்கு அந்தச் சத்தம் அவ்வளவு சீக்கிரம் காதில் விழுந்தது. மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்று நம் எல்லோருக்கும் தெரிந்தவர், வழிபாட்டுக்குள் நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் கொண்டுவந்து எத்தனை வருடம் ஆகிறது! 2005இல் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார். மூக்கண்டப்பள்ளி தகரக் கூரைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. குச்சியில்லாமல் விரலால் மீட்டு என்றார்கள். அண்ணன் மூன்று வாரம் விரலால் மீட்டினார். நாலாவது வாரம் கிட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இரண்டாவது எதிர்ப்பு நம் பக்கத்திலிருந்து. அதைத்தான் இந்தப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

2023 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள் கலை இரவு. நிகழ்ச்சி நிரல் போடுகிற கூட்டத்தில் அண்ணன் பெயரை நான் சொன்னேன். தோழர்கள் சந்தோஷப்பட்டார்கள். “அவரு அப்பா பெரிய பறைக்காரராமே, ஆட்டம் வைக்கலாம்” என்றார்கள். கிட்டார் என்றதும் முகம் மாறியது. ஒரு தோழர், நன்றாகப் படித்தவர், நான் மதிக்கிறவர், சொன்னார்: “அது நம்ம வாத்தியம் இல்லையே தோழர். பறையை மீட்டெடுக்கிறதுதான் நம்ம பண்பாட்டு அரசியல். கிட்டார் வாசிக்க நாம எதுக்கு?” இன்னொருவர் மேற்கத்திய மோகம் என்றார்.

அண்ணனும் அங்கேதான் இருந்தார். “எங்கப்பா அடிச்சது போதும் தோழரே” என்றார். “நீங்கள்லாம் ஆசப்பட்டு எடுக்கிறீங்க, எடுங்க. சந்தோசந்தான். எனுக்கு அதத் தொட்டா கையி நடுங்குது. எனுக்கு இருக்கிறதே ரெண்டு வெரலு.”

தொண்ணூறுகளில் இந்த விவாதம் நம்மிடையே எப்படி நடந்தது என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். பறை அடிமைச் சின்னம், சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று எத்தனையோ சேரிகள் மறுத்தன. மறுத்ததற்காக அடிபட்டன. இல்லை, அது போர்ப்பறை, விடுதலையின் குரல் என்று மேடையில் ஏற்றினார்கள் மற்றவர்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடியபோது உடம்பு சிலிர்க்காதவர்கள் உண்டா? அடிக்க மறுத்ததும் அரசியல், எடுத்து ஆடியதும் அரசியல். ஆனால் இரண்டிலும் ஒன்று பொது. அடிப்பதா வேண்டாமா என்று அடிக்கிறவனே முடிவு செய்தான். காய்ச்சலில் படுத்திருந்தவரைப் பிணத்தின் முன்னால் இழுத்துப்போனவர்கள் அவரைக் கேட்கவில்லை. அவர் மகனிடம் நாமாவது கேட்க வேண்டாமா?

கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். நரம்பு நம்முடையது இல்லை என்று நமக்குச் சொன்னது யார், அதை நாமே ஏன் திருப்பிச் சொல்கிறோம் என்று கேட்டேன். பாணன் பாட்டைச் சொன்னேன், கறுப்பர்களின் சபையைச் சொன்னேன். வாக்குவாதம் ராத்திரி பதினொரு மணிவரை போனது. அந்தத் தோழர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்க ஒருத்தரை வச்சிப் பேசுறீங்க, நான் சமூகத்தை வச்சிப் பேசுறேன்” என்றார். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பறையைக் கைவிட்டால் அதை வேறு யாராவது எடுத்துத் தங்கக் காப்புப் போட்டு மேடையில் வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. பாணனின் யாழுக்கு அதுதானே நடந்தது. ஆனால் அந்தப் பயத்துக்காக ஒருவர் கையில் குச்சியைத் திணிக்க முடியாது. கடைசியில் ஏழு நிமிடம் என்று முடிவானது.

ஏழு நிமிடமும் வாசித்தார். பஸ்ஸர் தகடு ஒன்றைக் கிட்டாரின் அடியில் ஒட்டி ஒலிபெருக்கியில் கொடுத்திருந்தோம், கொஞ்சம் இரைச்சல். முதல் இரண்டு நிமிடம் கூட்டம் பேசிக்கொண்டிருந்தது. ஊளையைத் திறந்துவிட்டதும் முன்வரிசைப் பாட்டிகள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “யாரு அழுவறது?” என்று கேட்டாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆனேக்கல் பக்கத்திலிருந்து தமட்டெ அடிக்க வந்திருந்த கன்னடப் பையன்கள் அண்ணனைச் சுற்றிக்கொண்டார்கள். பாதிக் கன்னடம், பாதித் தமிழ். எங்களோடு வாசிக்கிறாயா என்று கேட்டார்கள். அண்ணன் தயங்கினார், என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். பையன்கள் பேப்பரையும் காய்ந்த மட்டையையும் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். காயக் காயத் தோல் இறுகிச் சத்தம் ஏறும், ஆற ஆறத் தளர்ந்து இறங்கும். கட்டையில் மெட்டுப் பார்த்து விரல் வைக்கிற கிட்டார் என்றால் ஐந்தாவது நிமிடத்தில் தமட்டெயோடு ஒட்டாமல் போயிருக்கும். அண்ணன் கையில் மெட்டு கிடையாது, இரும்புதான். அவர் காதைத் தமட்டெப் பக்கம் சாய்த்துக்கொண்டு தட்டினார். தோல் ஆறி இறங்க இறங்க, பிஸ்டன் பின்னை மயிரிழை மயிரிழையாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வந்தார். ஒரு பையன் மறுபடியும் தீயை மூட்டப் போனான். “இருடா, வேணாம், அப்டியே வுடு” என்றார்.